தாமா என்னும் ஸ்டேஷன் மாஸ்டர்

ஜப்பானுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "வகயாமா போறீங்களா?" என்பதுதான். கியோத்தோவின் கோயில்கள், ஃபுஜி மலை, புல்லட் ரயில் எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஒசாகாவிலிருந்து தெற்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய், வகயாமா ஜங்ஷனின் ஓரத்தில் இருக்கும் 9-ஆம் நடைமேடைக்கு நடந்து, அங்கே நிற்கும் இரண்டே பெட்டி ரயிலில் ஏறாமல் ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அந்த ரயில் ஓடுவது கிஷிகாவா பாதையில். நீளம் 14.3 கிலோமீட்டர், 14 நிலையங்கள், அரை மணி நேரப் பயணம். வயல், பழத்தோட்டம், ஓட்டு வீடுகள், ஒரு பெரிய ஏரி, பிறகு கிஷி என்ற சின்ன ஊர். பாதை அங்கே முடிந்துவிடும். அந்தக் கடைசி நிலையத்தில் 2007 முதல் 2015 வரை ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவள் ஒரு பூனை. பெயர் தாமா. வெள்ளை, கறுப்பு, செம்மை மூன்றும் கலந்த பெண் பூனை. (மூன்று வண்ணப் பூனைகளில் கிட்டத்தட்ட எல்லாமே பெண்கள்தான். ஒரே உடம்பில் கறுப்பும் செம்மையும் வர இரண்டு எக்ஸ் குரோமோசோம் வேண்டும். ஆண் பூனையில் அது அபூர்வம்.)

நான் பூனைப் பைத்தியம், ரயில் பைத்தியமும்கூட. இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் சொல்ல வேண்டுமா? ஆனாலும் கிஷியை நான் இவ்வளவு கொண்டாடுவதற்கு அது மட்டும் காரணம் இல்லை. அந்த ஊரார் அந்தப் பூனைக்குக் கொடுத்த பதவியை மெய்யான பதவியாகவே நடத்தினார்கள். அதைத்தான் எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இந்தப் பாதை பக்தர்களுக்காகப் பிறந்தது. வகயாமாவைச் சுற்றி நிச்சிசென்கூ, கமயாமா, இதாகிசோ என்று மூன்று பழம்பெரும் ஷிண்டோ ஆலயங்கள் இருக்கின்றன. மூன்றையும் வரிசையாகக் கும்பிட்டு வருவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்தக் கூட்டத்தை ஏற்றிச் செல்ல 1916-இல் ஒரு சிற்றிருப்புப் பாதை போட்டார்கள். 1933-இல் அது கிஷி வரை நீண்டது. பிறகு நான்காய் என்ற பெரிய மின்ரயில் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் பெரியவர்கள் ஆஸ்பத்திரி போனதும் இதில்தான். வீட்டுக்கு வீடு கார் வந்ததும் ரயில் காலியானது. ஆண்டுக்கு 50 கோடி யென் அளவுக்கு நஷ்டம். 2004-இல் நான்காய் விலகிக்கொள்வதாக முறைப்படி அறிவித்தது.

இந்த மாதிரி அறிவிப்புக்குப் பிறகு ஜப்பானின் கிராமப்புறங்களில் எத்தனையோ பாதைகள் புல் முளைத்துக் கிடக்கின்றன. கிஷிகாவாக்காரர்கள் அப்படி விடவில்லை. ஆளுக்கு ஆண்டுச் சந்தா 1,000 யென் போட்டு, பாதையின் எதிர்காலத்தைத் தாங்களே உருவாக்குவது என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆறாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள்! நிலத்தை உள்ளாட்சிகள் வாங்கிக்கொண்டன, மாநில அரசு பணம் தந்தது, நடத்துவதற்கு ஆள் தேடி வெளிப்படையாக விண்ணப்பம் கேட்டார்கள். ஒகயாமா நகரில் டிராம் ஓட்டிக்கொண்டிருந்த நிறுவனம் முன்வந்தது. அதன் தலைவர் மிட்சுனோபு கொஜிமா. 2006 ஏப்ரல் 1-ஆம் தேதி வகயாமா மின்ரயில் என்ற புதிய பெயரில் வண்டி ஓட ஆரம்பித்தது.

பூனை வருவதற்கு முன்பே ஊர் எழுந்து நின்றுவிட்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாமாவின் கதையைச் சொல்கிற பலரும் இந்த ஆறாயிரம் பேரை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது.

இனி அந்த ஏப்ரல் முதல் தேதி. கிஷி நிலையத்தை ஒட்டி ஒரு சிறிய மளிகைக்கடை. கடைக்கார அம்மாள் வளர்த்த பூனைதான் தாமா. 1999 ஏப்ரல் 29-இல் பிறந்தவள். அவளும் அவள் தாய் மீகோவும் சிபி என்ற இன்னொரு பூனையும் நிலையத்தின் பக்கத்தில் ஒரு குடிசையில் இருந்தார்கள். குடிசை இருந்த இடம் பொது நிலம். பாதை கைமாறியதில் அதைக் காலி செய்யும்படி ஆயிற்று. தொடக்க விழா முடிந்த கையோடு அந்த அம்மாள் கொஜிமாவிடம் போய், இந்தப் பூனைகளை நிலையத்துக்குள்ளேயே இருக்க விட முடியுமா என்று கேட்டார். கம்பெனித் தலைவரிடம், அதுவும் முதல் நாளே, இப்படி ஒரு கோரிக்கை! நஷ்டத்தில் மூழ்கிய பாதையை எடுத்து நடத்த வந்த மனிதருக்கு எத்தனை கவலை இருந்திருக்கும்?

கொஜிமா தாமாவைப் பார்த்தார். கண்ணோடு கண் பார்த்தபோது அவள் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியோடு நிற்கிற மாதிரி தனக்குத் தோன்றியது என்று பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். செலவைக் குறைப்பதற்காகக் கிஷியில் ஊழியர் யாரும் இல்லாமல் செய்திருந்த நேரம் அது. ஆளில்லாத நிலையத்துக்கு ஒரு ஆள் கிடைத்தது. வீடில்லாத பூனைக்கு ஒரு நிலையம் கிடைத்தது. எத்தனை தரம் நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பூனைத் தலைக்கு அளவெடுத்து, நிஜ ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி செய்யச் சொன்னார். பொம்மைத் தொப்பி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்தத் தொப்பி முடிந்து வர அரை ஆண்டுக்கு மேல் ஆனது. அதுவரை காத்திருந்து, 2007 ஜனவரி 5-ஆம் தேதி தாமாவை முறைப்படி நியமித்தார்கள். அவளுடைய வேலை, பயணிகளை வரவேற்பதும் வரவழைப்பதும். சம்பளம், ஆண்டு முழுக்கப் பூனைத் தீனி. மீகோவுக்கும் சிபிக்கும் உதவி ஸ்டேஷன் மாஸ்டர் பதவி. பூனை குறுக்கே போனால் ஒரு நிமிஷம் நின்று போகச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். ஜப்பானில் கடை வாசலில் ஒரு கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கும் பூனைப் பொம்மை வாடிக்கையாளரைக் கூப்பிடும் என்பது நெடுநாள் நம்பிக்கை. தாமா அந்த வேலையை உயிரோடு செய்தாள்.

கூட்டம் வந்தது. பதவியேற்ற அந்த ஜனவரியிலேயே பயணிகள் முந்தைய ஆண்டு ஜனவரியைவிட 17 சதவீதம் கூடினார்கள். 2005-இல் ஆண்டுக்கு 19 லட்சம் பேராகச் சுருங்கியிருந்த பாதை, பத்தாண்டுக்குள் 22 லட்சத்தைத் தாண்டியது. அவளுடைய முதல் ஆண்டில் மட்டும் அந்த வட்டாரத்துக்கு 110 கோடி யென் அளவுக்குப் பொருளாதாரப் பயன் வந்தது என்று ஒரு பேராசிரியர் கணக்குப் போட்டார். பாதை அதனால் கொழுத்த லாபத்துக்கு வந்துவிடவில்லை. நஷ்டம் சுருங்கியது, வண்டி நிற்கவில்லை. ஒரு கிராமத்து ரயிலுக்கு அதைவிட என்ன வேண்டும்?

நான் தாமாவை நேரில் பார்த்தது அவளுடைய கடைசிக் காலத்தில். நிலையத்தில் அவளுக்கென்றே ஒரு அறை இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மெத்தையில் படுத்திருந்தாள். வயதான பூனைக்கே உரிய கனமான தோள், பாதி மூடிய கண். ஊழியர் ஒருவர் உள்ளே வந்து தொப்பியை அணிவித்தார். எங்கள் வீட்டுப் பூனைகளுக்குக் கழுத்தில் நூல் கட்டினாலே வீடு ரெண்டுபடும். இவள் காதைக்கூட அசைக்கவில்லை. நிமிர்ந்து எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவ்வளவுதான், கூட்டம் முழுக்க ஒரே சமயத்தில் "ஆ" என்றது. நானும்தான். அருகில் ஒரு பாட்டி கண்ணாடிப் பக்கம் குனிந்து, பணியில் இருக்கிற ஒரு பெரியவரிடம் பேசும் மரியாதைச் சொற்களில் அவளுக்கு நன்றி சொன்னார். பேரப் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவதற்காகச் சொன்னதாகத் தோன்றவில்லை. பாட்டி தனியாகத்தான் வந்திருந்தார்.

அந்த மரியாதை மேலிருந்து கீழ்வரை அப்படியே இருந்தது. 2008 ஜனவரியில் தாமாவுக்கு சூப்பர் ஸ்டேஷன் மாஸ்டர் பதவி உயர்வு. அப்போது அந்த நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஒரே பெண் அவள்தான்! அதே ஆண்டு அக்டோபரில் வகயாமா மாநில ஆளுநர் அவளுக்கு வீரப் பட்டம் அளித்தார். 2010-இல் நிறுவனத்தின் செயல் அதிகாரிகளில் ஒருவரானாள். 2013-இல் தலைவருக்கு அடுத்த நிலை. ஒரு ஆண்டு இறுதியில் போனஸாக விளையாட்டுப் பொருளும் ஒரு துண்டு நண்டும் கொடுத்தார்கள். நண்டை ஊட்டிவிட்டவர் கொஜிமா. இதையெல்லாம் விளம்பரத் தந்திரம் என்று சொல்கிறவர்களுடன் நான் நிறைய வாதாடியிருக்கிறேன். விளம்பரம் வேண்டும் என்றால் ஒரு புகைப்படம் போதும். எட்டு ஆண்டுகள் ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் விழா எடுத்து, ஒரு தடவைகூடக் கேலியாக நடத்தாமல் இருக்க வேறு ஏதோ வேண்டும்.

ரயில்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வடிவமைத்தவர் எய்ஜி மிதோகா. கியூஷூ தீவில் ஓடும் 'ஏழு நட்சத்திரங்கள்' சொகுசு ரயிலை வடிவமைத்த அதே கலைஞர், ஒகயாமாக்காரர். அத்தனை பெரிய கை, நான்காய் விட்டுப்போன பழைய இரண்டு பெட்டி வண்டிகளை எடுத்து இழைத்திருக்கிறது. முதலில் வந்தது 2006-இல் ஸ்ட்ராபெர்ரி ரயில், ஏனென்றால் கிஷிகாவா ஸ்ட்ராபெர்ரிக்குப் பேர் போன ஊர். வெள்ளை வண்டியில் சிவப்புப் பழங்கள், உள்ளே மரத் தரை, மர பெஞ்சுகள். அந்த வண்டிக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் பெட்டிக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. ஊர்க்காரர்கள் தங்கள் பெயர் இருக்கிற ரயிலில் ஏறிச் சந்தைக்குப் போய் வருகிறார்கள், யோசித்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு பொம்மை ரயில் வந்தது. உள்ளே கண்ணாடி அலமாரி நிறையப் பொம்மைகள், காசு போட்டால் பொம்மை உருண்டு விழும் இயந்திரங்கள். 2016-இல் ஊறுகாய்ப் பிளம் ரயில், காரணம் ஜப்பானிலேயே அதிகமாக அந்தப் பழம் விளைவது வகயாமாவில்தான். 2021-இன் கடைசியில் தாமாவின் நினைவாகவே இன்னொரு ரயிலையும் விட்டார்கள்.

ஆனால் என் உயிர் 2009-இல் வந்த தாமா ரயிலில்தான் இருக்கிறது. வண்டியின் முகப்பில் இரண்டு காது. கீழே மீசை. பக்கவாட்டில் ஓடுகிற, தூங்குகிற, நெளிகிற, எட்டிப் பார்க்கிற தாமாக்கள், மொத்தம் 101 ஓவியங்கள். உள்ளே நுழைந்தால் சின்ன வாசகசாலைக்குள் வந்த மாதிரி புத்தக அலமாரிகள், பிள்ளைகள் எடுத்துப் படிக்கலாம். இருக்கைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. வண்டி வளைவில் திரும்பும்போது மரத்தரை லேசாக முனகும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓயிகே ஏரியின் குறுக்கே போக வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டவாளம். வசந்தத்தில் கரை முழுக்க செர்ரிப் பூ. அந்த நேரத்தில் பெட்டிக்குள் இருக்கிற எல்லோரும், தினமும் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட, ஒரே பக்கம் தலையைத் திருப்புவார்கள்.

கிஷி நிலையத்தின் கட்டடமும் மிதோகாவின் கைவண்ணம்தான். 2010 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். கூரையில் ஓடு கிடையாது. சைப்ரஸ் மரப்பட்டைகளை அடுக்கடுக்காக வேய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் கோயில்களுக்குச் செய்கிற பழைய வேலைப்பாடு அது. அந்தக் கூரையின் விளிம்பில் இரண்டு காது எழும்பி நிற்கும், கீழே இரண்டு கண் போல் சன்னல்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நிலையமே பூனை முகம். உள்ளே தாமா கஃபே, நினைவுப் பொருள் கடை. குட்டி நிலையத்துக்குக் கோயில் கூரை போடுவது எவ்வளவு செலவு, எவ்வளவு சிரமம்! செய்திருக்கிறார்கள்.

தாமா 2015 ஜூன் 22 அன்று இதயம் செயலிழந்து இறந்தாள். வயது 16. மே மாதத்திலிருந்தே சிகிச்சையில் இருந்தாள். முந்தைய நாள் கொஜிமா பார்க்கப் போனபோது எழுந்து முன்னங்காலை நீட்டிக் கத்தினாள் என்று அவரே சொன்னார். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. 28-ஆம் தேதி கிஷி நிலையத்திலேயே ஷிண்டோ முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தது. ஏறக்குறைய 3,000 பேர் வந்தார்கள். பூ, பூனைத் தீனி டப்பாக்கள், கடிதங்கள் நிலையத்தின் முன்னால் மலையாகக் குவிந்தன. வரிசையில் நின்றவர்களில் உள்ளூர்வாசிகளும் இருந்தார்கள். நிரந்தர கௌரவ ஸ்டேஷன் மாஸ்டர் என்ற பதவியை அவளுக்குக் கொடுத்தார்கள். அந்த ஆகஸ்ட்டில் நடைமேடையிலேயே ஒரு சிற்றாலயம் கட்டி, தாமாவை அங்கே தெய்வமாக எழுந்தருளச் செய்தார்கள். நடைமேடையில் இறங்கினால் முதலில் கும்பிட வேண்டியது அவளைத்தான். நான் கும்பிட்டேன், மனசார.

அவளுடைய இடத்துக்கு வந்தவள் நிதாமா, அதாவது இரண்டாம் தாமா. உறவுமுறையால் வந்த பதவி இல்லை. ஒகயாமாவில் சாலையில் காரில் அடிபட இருந்தவளைக் காப்பாற்றி வளர்த்திருந்தார்கள். 2012 ஜனவரி முதல் அதே பாதையில் இருக்கும் இதாகிசோ நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து தொழில் பழகியவள். தாமா மறைந்து துக்க காலம் முடிந்த பிறகே அவளுக்குப் பொறுப்பைக் கொடுத்தார்கள். மூன்றாவதாக வர வேண்டிய இன்னொரு பூனையைப் பயிற்சிக்கு ஒகயாமாவுக்கு அனுப்பினார்களாம். அங்கே பார்த்துக்கொண்டவருக்கு அவளைத் திருப்பி அனுப்ப மனசே வராமல் தன்னோடு வைத்துக்கொண்டுவிட்டார்! அதனால் இதாகிசோவுக்கு 2017-இல் வந்தவள் நான்காம் தாமா. நான் மறுபடியும் போனபோது கிஷியில் நிதாமா பணியில் இருந்தாள். நீள முடி, பெரிய முகம், ராணி மாதிரி படுத்திருந்தாள். தாமாவைப் பார்த்த கண்ணுக்கு இவள் பிடிக்குமா என்று சந்தேகத்தோடுதான் ரயில் ஏறினேன். அவள் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

நீங்கள் போவதாக இருந்தால் சில காரியங்கள். எந்தப் பூனைக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று ரயில் நிறுவனமே அறிவிக்கும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அவர்களுக்கும் வார விடுமுறை உண்டு. அதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். எந்த நேரத்தில் எந்த அலங்கார ரயில் ஓடும் என்ற அட்டவணையும் கிடைக்கும். ஒரு நாள் பயணச் சீட்டு வாங்கிக்கொண்டால் நினைத்த இடத்தில் இறங்கி ஏறலாம். இதாகிசோவில் கட்டாயம் இறங்குங்கள். பணிமனை அங்கேதான், ஓடாத ரயில்கள் ஓய்வில் நிற்கும். நடக்கும் தூரத்தில் இதாகிசோ ஆலயம் இருக்கிறது. நாடெங்கும் மரம் நட்ட தெய்வம் அங்கே குடியிருப்பதாக ஐதீகம். மரத்தரை போட்ட ரயிலில் போய் மரங்களின் தெய்வத்தைக் கும்பிடுவது எவ்வளவு பொருத்தம்! கிஷியில் கண்ணாடி அறையைத் தட்டாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். நினைவுப் பொருள் கடையில் கை நிறைய வாங்குங்கள்; நீங்கள் கொடுக்கும் காசு அந்தத் தண்டவாளத்துக்குத்தான் போகும். திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்: 9-ஆம் நடைமேடையில் உங்களுக்கு எந்த ரயில் வந்தது, காது வைத்ததா, ஸ்ட்ராபெர்ரி போட்டதா?